கொடை மாத்திரை

என் குடலிலிருந்து வந்த ரத்தத்தைத் தீட்டு என்று மைக்கில் சொன்னவர் நீங்கள்தான், கோயில் கமிட்டித் தலைவரே.

பெயரைச் சொல்லவில்லையே என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பால்குடம் எடுத்து வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அங்கே நின்றவள் நான். நீங்கள் மைக்கைப் பிடித்து, "சின்னத் தீட்டு காரியம் நடந்துபோச்சு, கோயிலக் கழுவி விட்டுப் பூசை நடக்கும், பக்தர்கள் பொறுக்கணும்" என்றீர்கள். சவுதியில் என் கணவர் வேலை இடைவேளையில் போனில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது.

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ரத்தம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணம் முடிந்து நான் இந்த ஊருக்கு வந்த முதல் கொடைக்கு, நாள் கணக்குப் பார்த்தால் எனக்குச் சரியாகக் கொடை அன்றைக்கே வரவேண்டும். கணவரின் அண்ணன் மனைவியிடம் சொன்னேன். இங்கே மைனி என்று கூப்பிடுவோம். பால்குடம் எடுக்கும் பெண்களுக்கு எல்லாம் அவர்தான் மேஸ்திரி. யார் எந்தச் சேலை கட்ட வேண்டும், யார் முன்னால் நிற்க வேண்டும், யார் வரக்கூடாது எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நான் சொன்னதைக் கேட்டு மைனி சிரித்தார்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மெடிக்கல்ல போய் கொடை மாத்திர தாங்கன்னு கேளு. ஒண்ணும் பேசாம எடுத்துத் தருவான்."

அப்படியே தந்தான். சீட்டு கேட்கவில்லை, வயசு கேட்கவில்லை, வேறு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்கவில்லை. கொடை நெருங்கினால் அந்தக் கடையில் அந்த மாத்திரை மேசை மேலேயே இருக்கும், தலைவலி மாத்திரைக்குப் பக்கத்தில். ஒரு நாளைக்கு மூன்று என்று நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் அது. இந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது கொடை மாத்திரை.

கொடைக்கு மட்டும் என்று இருந்தால்கூடப் பரவாயில்லை. கொழுந்தன் கல்யாணத்துக்குப் போட்டேன். நாத்தனார் புது வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போட்டேன். வீட்டு ஆண்கள் மலைக்கு மாலை போட்டிருந்த நாட்களில் போட்டேன். சில வருஷங்களில் நாலைந்து தடவை. வீட்டில் எந்த நல்ல காரியம் வந்தாலும் முதலில் காலண்டரைப் பார்ப்பேன், பிறகு மெடிக்கலுக்குப் போவேன்.

போட்ட மூன்றாம் நாள் வயிறு உப்பும். காலையில் வெளிக்குப் போவது நின்றுவிடும். மார்பு கனக்கும். நிறுத்தியபின் எல்லாம் சேர்ந்து இறங்கும், ரத்தப்போக்கும் பேதியும் ஒன்றாக. நாக்கிலும் உதட்டின் உள்ளேயும் புண் வரும். உப்பு பட்டால் உயிர் போகும். இதையெல்லாம் வியாதி என்று நினைத்ததே இல்லை. பெண் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை எனக்குள் யார் வைத்தது?

நான் அண்டி ஆபீசில் தொலி உரிக்கிறேன். முந்திரிப் பருப்பு ஃபாக்டரியை இங்கே யாரும் ஃபாக்டரி என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு நேரம், கட்டன் டீ குடிக்க ஒரு நேரம், சோறு தின்ன ஒரு நேரம். கக்கூசு இரண்டுதான், பெண்கள் நூற்றுக்கு மேல். எங்கள் குடலும் அந்த மணிக்குப் பழகிவிட்டது. ஒருத்திக்கு வயிறு கெட்டால் வரிசையே அறியும்.

ஒரு வருஷம் கொடைக்கு முந்தின வாரம் என் பக்கத்தில் உட்காருகிறவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு இந்தப் பாடு கிடையாது.

"ஏட்டி, ஒங்க ஊர்ல கொடைக்கு நாள் குறிச்சாச்சு, இல்லியா?"

"ஆமா. ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒனக்க வயிறு சொல்லுது. ஏழு மாசம் மாதிரி இரிக்கி. மாப்பிள சவுதியில கெடக்காரு, ஊருக்குப் பதில் சொல்ல ரெடியா இரு."

சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "அந்த எளவ நிறுத்துட்டி. வருசம் முழுக்கத் தின்னா ஒடம்புக்கு எது வாற நாளு எது போற நாளுன்னு எப்பிடித் தெரியும்?" என்றாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள் அவள். பிற்பாடு குடல் டாக்டர் எனக்கு அரை மணி நேரம் விளக்கியதும் ஏறத்தாழ இதைத்தான்.

வியாதி சளியாகத் தொடங்கியது. வெளிக்குப் போகும்போது சளி, பிறகு சளியோடு ரத்தம். மூலம் என்று முடிவு செய்தேன். மைனியும் மூலம் என்றார். சேனைக்கிழங்கு தின்னச் சொன்னார். ஆறு மாதம் தின்றேன். கடைசியில் ஆபீசில் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து ஓடினேன், சூப்பர்வைசர் முறைத்தான். பக்கத்தில் உட்காருகிறவள்தான் என்னை இழுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனாள்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புண், அழற்சி. டாக்டர் ஒரு பெண். நோய் எதிர்ப்பு சக்தி கிருமியோடு சண்டை போட வேண்டியது, ஆனால் அது என் குடல் சுவரையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்றார். முழுசாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். பெரிய பெரிய சிவப்பு மாத்திரை தந்தார். சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும்.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொடை மாத்திரையை நான் ஒரு மருந்து என்றே எண்ணியதில்லை. மஞ்சள் சேலை, மல்லிகைப்பூ, பித்தளைக் குடம் மாதிரி கொடைக்கு வேண்டிய ஒரு சாமான் அது. அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் ஊரிலிருந்து போய் உட்கார்ந்திருந்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

சிவப்பு மாத்திரையில் ரத்தம் நின்றது. சோற்றில் உறைப்பைக் குறைத்தேன், மீனை அவித்துத் தின்றேன், ஒன்பதரைக்குப் படுத்தேன். எட்டு மாதம் மனுஷியாக இருந்தேன். அப்புறம் கொடை வந்தது.

காப்புக் கட்டியதிலிருந்து ஏழு நாள் விரதம். பால்குடம் எடுக்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஒருநேரம் மட்டும் பச்சரிசிச் சோறு. கடைசி மூன்று நாள் அதுவும் கிடையாது, இளநீரும் பழமும்தான். ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டால் தூக்கமும் கிடையாது. நான் மைனியிடம் போய்ச் சொன்னேன்.

"மைனி, எனக்குக் குடல் மாத்திர உண்டு. சாப்பிட்டுட்டுத்தான் போடணும். நான் இந்த வருசம் குடம் எடுக்கல."

"நேந்துக்கிட்டுப் பின்வாங்கப் பிடாது. எடு. அந்த மாத்திரைய அஞ்சாறு நாள் நிறுத்து. சாப்பாட்டுக்கு மேல போடுற மாத்திரன்னா அதுக்கு அடியில சாப்பாடு வேணும்லா? மூணு நேரமும் சாப்பிட்டா விரதம் போச்சு."

"அப்ப கொடை மாத்திர?"

"அது தண்ணியில போடுறதாக்கும். எளநியில போட்டுக்கோ. அது விரதத்துல சேராது."

பாருங்கள், இதுதான் சட்டம். என் குடலைக் காக்கிற மாத்திரை விரதத்தை முறிக்கும், என் மாதவிலக்கை நிறுத்துகிற மாத்திரை முறிக்காது. இதற்குத்தான் நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு நானே பொறுப்பு. என்னை யாரும் கட்டிவைத்து வாயில் ஊட்டவில்லை. ஆனால் ஊர் மொத்தமும் சுற்றி நிற்கும்போது ஒருத்தி தலையை வேறு எந்தப் பக்கம் ஆட்டுவாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏழு நாள் சிவப்பு மாத்திரை இல்லை. கொடை மாத்திரை மட்டும் நாளுக்கு மூன்று, தவறாமல். ஐந்தாம் நாளே வயிறு முறுக்கத் தொடங்கியது. பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை குளத்துக்கரையில் குடத்தை நிரப்பித் தலையில் வைத்தார்கள். மேளம் முன்னால், நாங்கள் பின்னால். தார் ரோட்டில் வெறும் கால். கோயில் வாசலுக்கு வரும்போது மணி பன்னிரண்டு இருக்கும். அங்கே அடிவயிற்றில் கத்தியைச் செருகித் திருகியதுபோல் ஒன்று வந்தது. தலையில் குடம் இருந்ததால் குனிய முடியவில்லை. அடக்குவது என் கையில் இல்லை. மஞ்சள் சேலையில் பின்பக்கம் ரத்தம் பரவியது.

எனக்குப் பின்னால் நின்ற பெண் "அம்மே" என்று கத்தினாள். மைனி ஓடி வந்து முதலில் குடத்தைத்தான் பிடித்தார்.

"ஏட்டி மூதி, மாத்திர போட்டியா இல்லியா?"

"போட்டேன் மைனி. இது அது இல்ல. குடல்ல இருந்து வருது. சொன்னேன்லா, எனக்க வியாதி."

"எது எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்! மூணு பெத்தவ நான். போ, அங்கோட்டு மாறி நில்லு. யாரையும் தொட்டுராத."

நீங்கள் வந்தீர்கள் தலைவரே. என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தீர்கள், உடனே திரும்பிக்கொண்டீர்கள். நான் உங்களிடமே சொன்னேன், "அண்ணாச்சி, இது தூரம் இல்ல, எனக்குக் குடல்ல புண்ணு" என்று. என் காதில் விழுந்த அந்த மேளச் சத்தத்திலும் என் குரல் உங்களுக்குக் கேட்டது. ஏனென்றால் நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"பொம்பளைக்கு என்ன புண்ணா இருந்தா என்ன. அவளக் கூட்டிட்டுப் போங்க."

யாரும் கூட்டிப்போகவில்லை. தொட்டால் அவர்களும் குளிக்க வேண்டும். நான் தனியாக நடந்தேன். பாதி வழியில் உங்கள் மைக் சத்தம் முதுகில் விழுந்தது. வீட்டு நடையில் மயங்கி விழுந்தவளை என் மகள்தான் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினாலு வயசு. ஆட்டோவை அவள்தான் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மகள் வீட்டிலிருந்து எடுத்துவந்த என் பையில் துணி எடுக்கப்போன நர்ஸ் பாதி தீர்ந்த கொடை மாத்திரை அட்டையை டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

"அது கொடை மாத்திர."

"அப்படி ஒரு மாத்திரை கிடையாதும்மா. இது ஹார்மோன். வேற மாத்திரை இல்லன்னு சொன்னீங்களே!"

திட்டினார். பிறகு பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். எல்லாப் பழியையும் அந்த ஒரு மாத்திரை மேல் போட முடியாது, ஏழு நாள் குடல் மருந்தை நிறுத்தியதுதான் பெரிய தப்பு என்றார். அதோடு பட்டினி சேர்ந்தது, தூக்கமின்மை சேர்ந்தது. கர்ப்பப்பையும் குடலும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, ஒரு வீட்டில் ஹார்மோன் ஏறி இறங்கினால் அடுத்த வீட்டில் சத்தம் கேட்கும் என்றார். அதனால்தான் பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்னால் வயிறு கட்டும், வந்தவுடன் இளகும். குடலுக்கும் பகல் உண்டு, ராத்திரி உண்டு. அதன் சுவர் ஆறுவதற்குத் தூக்கம் வேண்டும், அதில் வாழும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு வேண்டும். சோறும் தூக்கமும் ஒரே சமயத்தில் போனால் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிற எதிர்ப்பு சக்தி இன்னும் வெறிகொள்ளும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். குடல் இப்படி எரியும்போது ரத்தம் எங்கேயாவது கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அந்த நேரத்தில் இந்த ஹார்மோனும் அந்த ஆபத்தைக் கூட்டும், காலில் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டீர்கள் என்றார்.

ஸ்டீராய்டில் என் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. மூன்று மாதம் அண்டி ஆபீசுக்குப் போகவில்லை. மறுபடி போனபோது பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மைனி ஒரு தடவை வந்து பார்த்தார். ஆரஞ்சு கொண்டுவந்தார். "அம்மன் கோவிச்சுட்டா" என்றார். "அம்மன் கோவிக்கல மைனி, சிவப்பு மாத்திர போடல" என்றேன். எழுந்து போய்விட்டார்.

இவ்வளவையும் நான் விழுங்கியிருப்பேன். விழுங்கத்தான் செய்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். அவளுக்குப் பதினாறு வயசு. இந்த வருஷக் கொடையில் முளைப்பாரி எடுக்க அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்கு அதில் ஆசை. நான் தடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மைனி வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. மறுநாள்தான் பிரித்துப் பார்த்தேன். பாவாடை தாவணி, வளையல், அடியில் அந்த அட்டை. அதே மாத்திரை. இரண்டு குழி காலியாக இருந்தது.

மகளைக் கூப்பிட்டேன்.

"இதப் போட்டியா?"

"ரெண்டுதான் போட்டேன். பெரியம்ம நேத்தே தந்தாவ."

"எனக்கு என்ன ஆச்சுன்னு கண்ணால பாத்தவதான நீ?"

"ஒங்களுக்கு வியாதிம்மா. எனக்குத்தான் வியாதி இல்லல்லா? எனக்க கிளாஸ்ல எல்லாப் பிள்ளைகளும் போடுகாவ. முளைப்பாரிக்குப் பேரு குடுத்தா மாத்திரையும் சேத்துத்தான் தருவாவ."

அவளுக்கு இன்னும் மாதவிலக்கு ஒழுங்காகவில்லை. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. நேராக அவளைக் குடல் டாக்டரிடமே கூட்டிப்போனேன். இரண்டு மாத்திரையால் ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று அவளிடம் சொன்னார். என்னிடம் வேறு சொன்னார். அம்மாவுக்கு இந்த வியாதி இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், கட்டாயம் வரும் என்றில்லை, ஆனால் கண்டவர் தருவதை விழுங்கக்கூடாது, மாதவிலக்கு ஒழுங்காகாததற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அட்டையை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். "இனி என்னச் சேக்க மாட்டாவ, பாத்துக்கோங்க" என்றாள்.

அந்த அட்டையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன் தலைவரே. பகல் பதினொரு மணி. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அட்டையை முன்னால் வைத்தேன்.

"அண்ணாச்சி, இத ஊர்ல சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் குடுக்காவ. ஒங்களுக்குத் தெரியுமா?"

"இதெல்லாம் பொம்பளக் காரியம். எங்கிட்டப் பேசப் பிடாது."

"மைக்கில பேசும்போது பொம்பளக் காரியம் இல்லியா?"

நீங்கள் பேப்பரை மடித்தீர்கள். "ஏட்டி, சும்மா வாயக் கெளறாத. கமிட்டி யாருக்காவது மாத்திர குடுத்திச்சா? இஷ்டம்னா போடட்டும், இல்லன்னா வரண்டாம்" என்றீர்கள். உள்ளே போய்விட்டீர்கள். அட்டை உங்கள் மேசையிலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை.

சரி, கமிட்டி தரவில்லை. அப்படியானால் நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்வது எளிது. கொடைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் இருக்கிறது. வழக்கமாகப் பெண்களைக் கூப்பிட மாட்டீர்கள். இந்தத் தடவை நாங்கள் வருவோம், நானும் வருவேன், என் மகளும் வருவாள். நீங்கள் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும், மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பேத்திக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை உங்கள் கையால் கொடுப்பீர்களா? அன்றைக்கு என் சேலையில் இருந்தது குடல் ரத்தம் என்று என் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து ஊர் முன்னால் சொல்வீர்களா? என் மகள் மாத்திரை போடாமல், வேளாவேளைக்குத் தின்று, தூங்கி எழுந்து முளைப்பாரி எடுக்க வருவாள். அவளை வாசலில் நிறுத்துவீர்களா, மாட்டீர்களா? வீட்டுக்குள் போகாமல், மைனியைப் பேசவிடாமல், நீங்கள் சொல்லுங்கள்.